இருபத்துநான்கு மாடி மலை

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். இந்த நகரத்தில் எத்தனையோ பேர் அவன் புண்ணியத்தில்தான் மூச்சு வாங்காமல் ஏழாவது மாடிக்குப் போகிறார்கள். அதில் ஒருவருக்கும் அவன் முகம் தெரியாது. லிஃப்ட் ஓடுகிறவரை அவனை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் மட்டும் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அவன் பதிலுக்கு வாய் திறக்க மாட்டான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதனால் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய பேச்சு மொத்தத்தையும் நான் ஒருத்தியே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

நான் அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். அவன் குடியிருப்பது ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே என் கடை. புதுத்துணி தைப்பதில்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவேன், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பேன், ஜிப் மாற்றுவேன். ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஓர் ஆளுயரக் கண்ணாடி, துணியில் கோடு போட ஒரு டப்பா நிறைய நீல சாக்பீஸ். இந்தத் தெருவில் யார் இடுப்பு எத்தனை அங்குலம் என்று எனக்கு மனப்பாடம். ஆகவே என்னிடம் யாரும் சண்டைக்கு வருவதில்லை.

தம்பிக்கு வேலையில் சில பழக்கங்கள் உண்டு. லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் குனிந்து தரையைப் பார்ப்பான், அப்புறம்தான் கால் வைப்பான். கதவு திறந்திருப்பதால் மட்டும் உள்ளே பெட்டி நிற்கிறது என்று அர்த்தமில்லை என்பான். ஆரம்ப நாளில் அவனோடு வேலை பார்த்த ஒருத்தன் பார்க்காமல் கால் வைத்துவிட்டானாம். அதற்கு மேல் அந்தக் கதையை அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இன்னொரு பழக்கம், எண் எழுதுவது. லிஃப்ட் போகும் குழிக்குள், ஒவ்வொரு மாடிக் கதவின் உள்பக்கத்திலும் அந்த மாடியின் எண்ணை எழுதிவிடுவான். பெட்டியின் கூரை மேல் நின்று இருட்டில் வேலை செய்கிறவனுக்கு அதுதான் வழிகாட்டி. மேலே போனாலும் கீழே வந்தாலும் முகத்துக்கு நேரே அதே கதவு, அதே எண். எழுதுவது என் சாக்பீஸால்தான். கேட்டு எடுக்கிற வழக்கம் கிடையாது.

அவனுக்கு ஒரே பெண். ஆறு வயது. ஆள் அளவைப் பார்த்துக் கடுகு என்று நான் கூப்பிட ஆரம்பித்து, இப்போது பெற்றவளே அப்படித்தான் கூப்பிடுகிறாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதைத் தினமும் நிரூபிப்பாள். லிஃப்டில் ஏறினால் மாடிக்கு மாடி மணி அடிப்பது அவள்தான். "டிங். மூணாவது மாடி. டிங். ரெண்டாவது மாடி." கதவு திறந்ததும் அப்பனைப் போலவே குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, பெரிய மெக்கானிக் மாதிரி தலையாட்டிக்கொண்டு வெளியே வருவாள்.

கடுகு பள்ளியில் சேர வேண்டிய நாளுக்கு நாலு மாதம் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கட்டடத்து லிஃப்டையே சர்வீஸ் செய்யலாம் என்று தம்பி இறங்கினான். 'வேலை நடக்கிறது, படிகளைப் பயன்படுத்தவும்' என்ற மஞ்சள் போர்டை மாடிக்கு மாடி மாட்டிவிட்டுக் குழிக்குள் போய்விட்டான். கடுகு என் கடைக்கு வரக் கிளம்பியிருக்கிறாள். போர்டைப் பார்த்தாள், படியில் இறங்கினாள். இரண்டாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் விழுந்தாள். சத்தம் கேட்டு முதலில் ஓடியது நான். தொடை எலும்பு. தம்பி குழிக்குள் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுகொண்டு அவள் கத்தியதைக் கேட்டான். அவன் ஏறி வெளியே வர இரண்டு நிமிஷம் ஆனது. அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை.

இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நடக்கலாம், ஓடலாம், என்ன வேண்டுமானாலும் ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமதரையில் நடந்தாள், ஓடக்கூட ஓடினாள். படி என்று ஒன்றைக் கண்டால் போதும், உட்கார்ந்துவிடுவாள். கடை வாசலில் ஒரே ஒரு படி இருந்தாலும் அப்படித்தான். அழ மாட்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்ப்பாள். உடனே தம்பி ஓடி வந்து தூக்கிக்கொள்வான். நாலு மாதமாக அந்தப் பெண் படி மிதிக்கவில்லை. அவனும் எங்கள் கட்டடத்து லிஃப்டைத் தொடவில்லை. கூட வேலை செய்கிற ஆளை அனுப்புவான். அந்த ஆள் பத்துத் தடவை கூப்பிட்டால் ஒரு தடவை வருவார். லிஃப்ட் கிழட்டு எருமை மாதிரி முனகிக்கொண்டு ஏறியது, நாங்களும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினோம்.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடம் வந்து கழுத்தில் உட்கார்ந்தது. ஒன்றாம் வகுப்பு இரண்டாவது மாடியில். பெரிய டீச்சர் நல்ல மாதிரிதான், ஆனால் கறார். அறுபது பிள்ளைகளுக்கு ஒரே ஆயா, தூக்கிக்கொண்டு ஏறி இறங்க ஆள் இல்லை, பள்ளி திறப்பதற்குள் குழந்தை தானாக ஏறி இறங்க வேண்டும், முடியாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அந்தப் பயம் எலும்பை விடக் கெட்டியாகக் கூடிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

சாக்லேட் காட்டிப் பார்த்தாள் அவள் அம்மா. நான் திட்டிப் பார்த்தேன். படியின் முன்னால் கடுகு உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். நாலாம் நாள் காலையில் தம்பி கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பித்தான் டப்பாவை நோண்டினான்.

"மலைக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன்க்கா."

"மாடிப்படி ஏறாத பிள்ளையையா? புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு?"

"மலையில படி இல்லக்கா."

அவ்வளவுதான் சொன்னான். எனக்கு வந்த கோபத்தில் இஸ்திரிப் பெட்டியை ஒருவர் கால்சட்டை மேலேயே வைத்துவிட்டேன், நல்லவேளை கருகவில்லை. ஆனால் கோபம் ஆறியதும் அதில் ஏதோ நியாயம் இருக்கிற மாதிரியும் பட்டது. அவன் பெண்டாட்டி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் அளவு பார்த்துத்தான் கொடுப்பாள். அவள் டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். தாராளமாகப் போகட்டும் என்றாராம். அப்புறமும் மனசு கேட்கவில்லை. "அண்ணி, நீங்க கூடப் போறதா இருந்தா அனுப்பறேன்" என்று என்னைப் பார்த்தாள். எனக்கு முழங்காலில் வலி, எடையோ கேட்கவே வேண்டாம். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம் என்று ஆரம்பித்தவள், பழமொழியின் மற்றப் பாதியைச் சட்டென்று விழுங்கிவிட்டேன். கால் ஒடிந்த பிள்ளை இருக்கிற வீட்டில் அதைச் சொல்லக் கூடாது. சரி, வருகிறேன் என்றேன்.

அன்று ராத்திரிக்குள் பழைய பெல்ட் துணியில் கடுகுக்கு ஓர் அரைக்கச்சை தைத்தேன். தோளில் இரண்டு பட்டை, முதுகில் ஒரு வளையம். தம்பி அதில் கயிறு கோத்து, கொக்கி மாட்டி, தன் எடையைப் போட்டு இழுத்துப் பார்த்தான். தையல் விடவில்லை. விடாது, நான் தைத்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போனோம். மலையடிவாரத்தில் ஒரு காவல் குடிசை. காவலாளி எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். கடுகைப் பார்த்ததை விட என்னைத்தான் கவலையோடு பார்த்தார் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்களுக்கே மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் செங்குத்துப் பாறை இருக்கிறது, பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் மேகம் இறங்கிவிடும், அதற்குள் திரும்பிவிடுங்கள் என்றார்.

பாதை கல்லும் புல்லுமாக மேலே போனது. நூறு அடி போனதும் கடுகு நின்றாள். உதடு இறுகியது. தம்பி வழக்கம்போலக் குனிந்து கையை நீட்டினான்.

"தூக்கினேன்னு வை, நான் இப்படியே திரும்பி வீட்டுக்குப் போயிடுவேன்" என்றேன். கை நீட்டியபடியே நின்றான். பிறகு அந்தக் கையைச் சட்டைப் பையில் விட்டு என் நீல சாக்பீஸை எடுத்தான். இரண்டு எட்டு மேலே போய், பாதையோரப் பாறையில் எங்களைப் பார்த்த பக்கத்தில் பெரிதாக ஒன்று என்று எழுதினான்.

கடுகு அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து தரையைப் பார்த்தாள். இரண்டு எட்டு நடந்து பாறையைத் தொட்டாள்.

"டிங். முதல் மாடி."

அவ்வளவுதான், வழி பிடிபட்டுவிட்டது. தம்பி முன்னால் போய் எண் எழுதுவான், இவள் போய் மணி அடிப்பாள், நான் பின்னாலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முழங்காலையும் தம்பியையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு வருவேன். ஏழாவது மாடியில் ஓர் ஆரஞ்சு. பத்தாவது மாடியில் அவள் செருப்புக்குள் கல். பதினொன்றில் கால் வலிக்கிறது என்றாள். எனக்கும் வலிக்கிறது என்றேன். யாருக்கு அதிகம் வலிக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டே பன்னிரண்டுக்கு வந்துவிட்டோம். பதினாலிலிருந்து பதினேழு வரை காவலாளி சொன்ன செங்குத்துப் பாறை. அவள் நாலு காலில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறினாள். ஏறுவதில் அவளுக்குப் பயமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாலு மாதமாக நாங்கள் எல்லோரும் அவளை ஏறு ஏறு என்றுதான் கெஞ்சினோம். இறங்குவதைப் பற்றி ஒருத்தரும் அவளிடம் கேட்கவில்லை.

உச்சி இருபத்துநாலாவது மாடி. மணி ஒன்றேமுக்கால் ஆகிவிட்டது. தம்பி கடைசிப் பாறையில் எண்ணை எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தான். கடுகு அதன் மேல் ஏறி நின்று ஊரைப் பார்த்தாள். எங்கள் கட்டடம் எது என்று தம்பி காட்டினான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் தெரிகிறது என்றேன். ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டோம். தம்பி அன்று சிரித்தான். நாலு மாதம் கழித்து அவன் பல்லைப் பார்க்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில் அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. மேகம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. முதலில் ஊர் மறைந்தது, அப்புறம் சரிவு மறைந்தது, கடைசியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் இல்லை.

பயப்பட வேண்டாம், எண்ணைப் பார்த்துக்கொண்டே இறங்கினால் போதும் என்றான் தம்பி. இருபத்துமூன்று ஒரு தனிப்பாறை, ஞாபகம் இருந்தது, வந்துவிட்டோம். அதற்கப்புறம் பாறைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. எதிலும் எண் இல்லை. இந்தப் பாறை, அந்தப் பாறை என்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். எல்லாம் வெறும் கல்.

"எழுதினேனேக்கா. எல்லாம் எங்க போச்சு?"

ஈரம் பட்டு அழிந்திருக்கும் என்றேன். மட்டமான சாக்பீஸ் என்று முனகினான். திருட்டு சாக்பீஸுக்குத் தரம் வேறு கேட்கிறதா என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே இன்னும் கொஞ்சம் இறங்கினோம். திடீரென்று அவன் கையை விரித்து எங்களைத் தடுத்தான். குனிந்து ஒரு கல்லை எடுத்து முன்னால் போட்டான். கல் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

மூவரும் தவழ்ந்து மேலே வந்தோம். அந்தத் தனிப்பாறை கைக்குத் தட்டுப்பட்டதும் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தோம். மேகம் விலகும்வரை உட்காரலாம் என்றால், அது விடியும்வரை விலகாமல் போனாலும் போகலாம். ராத்திரி அங்கே குளிரில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்க முடியாது. தம்பி முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"அன்னிக்கு லிஃப்டை நிறுத்தினதும் நான்தான். இன்னிக்கு இங்க கொண்டாந்து மாட்டி விட்டதும் நான்தான். நான் தொட்டாலே அவளுக்கு ஆகலக்கா."

கடுகு அவன் கையை முகத்திலிருந்து பிரித்தாள்.

"நீ போர்டு மாட்டியிருந்தியேப்பா. நான் பார்த்தேன்."

அவன் அவளையே பார்த்தான்.

"நான்தான் மூணு மூணு படியாத் தாண்டினேன். லிஃப்ட் மாதிரி வேகமாப் போகணும்னு. சொன்னா நீ இனிமே தூக்க மாட்டேன்னு சொல்லல."

ஆறு வயசுப் பிள்ளை. நாலு மாதம் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அப்பனுக்குப் பெண் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்து நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தேன்.

கொஞ்சம் தெளிந்ததும் தம்பி எழுந்து, அவளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறேன் என்றான். கடுகு மாட்டேன் என்று தலையாட்டினாள். அவள் முதுகில் இருந்தால் அவனால் குனிந்து தரையைப் பார்க்க முடியாதாம். பார்க்காமல் கால் வைக்கக் கூடாது என்று அவன்தானே சொன்னான்?

ஆனால் சரிவைப் பார்த்து நின்றதும் அவள் காலை எடுத்து வைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, சட்டென்று திரும்பினாள். மலையைப் பார்த்து, வயிற்றைப் பாறையில் ஒட்டி, கட்டிலிலிருந்து இறங்குகிற சின்னக் குழந்தை மாதிரி காலைப் பின்னால் விட்டுத் துழாவினாள். தம்பி அவளுக்குக் கீழே போய், அவள் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு பிடிப்பிலும் வைத்தான். நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். இப்படியே பத்தடி, இருபதடி. எந்தப் பக்கம் போகிறோம் என்று மூவருக்கும் தெரியாது.

"டிங்" என்றாள் கடுகு. "இருபத்திரெண்டாவது மாடி."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "இப்ப என்னடி விளையாட்டு?" என்றேன்.

"அதோ எழுதியிருக்கே அத்தை. உன் கால்கிட்ட."

நான் நின்றிருந்த பாறையைச் சுற்றி வந்து கீழேயிருந்து பார்த்தேன். நீல எழுத்தில், கொஞ்சம்கூட அழியாமல், இருபத்திரண்டு. தம்பியும் பார்த்தான். நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டான். வருஷக்கணக்காகக் குழிக்குள் எண் எழுதிப் பழகிய கை. ஏறினாலும் இறங்கினாலும் ஒரே கதவைப் பார்த்துப் பழகிய கண். மலைக்கு இரண்டு முகம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஏறுகிறவன் பார்க்கும் பக்கத்தில் மட்டும் எழுதியிருக்கிறான். நாங்கள் இறங்கும்போது எல்லா எண்ணும் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கின்றன. ஒரு தையல்காரியாக இருந்தால் துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டும் உண்டு என்று முதல் பாடத்திலேயே தெரிந்திருக்கும் என்றேன். அதை இன்றுவரை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் மூவரும் பின்பக்கமாகத்தான் இறங்கினோம். கொஞ்சம் இறங்குவது, நின்று மேலே பார்ப்பது. எண் தெரியாவிட்டால் திரும்ப ஏறி வேறு பக்கம் முயல்வது. எங்களை யாராவது அப்போது பார்த்திருந்தால், மலைக்கு மரியாதை செய்துகொண்டே விடைபெறும் மூன்று பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். பெரும்பாலும் முதலில் கண்டுபிடித்தது கடுகுதான். அவள் கண் எண்ணின் உயரத்திலேயே இருந்தது. பதினேழில் செங்குத்துப் பாறை வந்தபோது, தம்பி பேசிக்கொண்டே இருந்தான். வலது கால், இன்னும் கொஞ்சம் கீழே, அங்கேதான், இப்போது இடது. அவன் அத்தனை வார்த்தை ஒன்றாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பதினாலாவது மாடி டிங் என்றதும் நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஏன் அத்தை, முழங்காலா என்று கேட்டாள். ஆமாம், முழங்கால்தான் என்றேன்.

எட்டாவது மாடியில் மேகத்துக்குக் கீழே வந்துவிட்டோம். வெயில் இன்னும் இருந்தது. குடிசை வாசலில் காவலாளி கையில் கயிறும் டார்ச்சுமாகக் கிளம்பத் தயாராக நின்றார். கடுகு அவர் எதிரே போய் நின்று, தரைத்தளம் வந்துவிட்டது என்று அறிவித்தாள்.

வீட்டில் அவள் அம்மா, பிள்ளையின் முழங்கையைப் பார்த்தாள், முன்பக்கம் முழுக்கக் கிழிந்த சட்டையைப் பார்த்தாள். தம்பியும் நானும் திட்டுக்குத் தயாராக நின்றோம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இறங்கும்போது யார் தூக்கிட்டு வந்தது?"

"யாரும் இல்ல" என்றாள் கடுகு. அவள் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், தம்பி பெரிய டீச்சரிடம் அனுமதி வாங்கி, இரண்டு மாடிக்கும் படிகளின் நெற்றியில், ஏறுகிறவர்களைப் பார்த்த பக்கத்தில், எண் எழுதினான். மொத்தம் நாற்பத்துநாலு. இந்த முறை சாக்பீஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். மறுநாள் கடுகு எண்ணைப் படித்துக்கொண்டே ஏறினாள். மேலே போய்த் திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எண்ணைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கி வந்தாள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். இப்படியா இறங்குவாள் என்று கேட்டார்.

"தானா ஏறி இறங்கணும்னு சொன்னீங்க டீச்சர், இறங்கிட்டா. மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு நீங்க சொல்லலையே" என்றேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். பதிவேட்டில் பெயர் ஏறியது.

மூன்று வாரத்தில் பிள்ளைகளின் கால் பட்டும் ஆயா துடைத்தும் எண்கள் மங்கிவிட்டன. திரும்ப எழுதலாம் என்று தம்பி ஒரு மத்தியானம் போயிருக்கிறான். மணி அடித்துப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கினார்கள். கூட்டத்துக்கு நடுவே கடுகு, எல்லோரையும் போல முன்பக்கமாக, பக்கத்துப் பெண்ணிடம் எதையோ கை ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாளாம். அவனைப் பார்க்கக்கூட இல்லை. அவன் சாக்பீஸைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டுவிட்டுப் போனான். அவன் திருப்பிக் கொடுத்து நான் பார்த்த முதல் சாக்பீஸ் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் கடையைத் திறந்தபோது, லிஃப்ட் கதவில் மஞ்சள் போர்டு தொங்கியது. தம்பி தானே வந்து மாட்டியிருந்தான். எனக்கு உள்ளே சுருக்கென்றது. கடுகு கடைக்கு வருகிற நேரம் வேறு. மெஷினை நிறுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

நாலாவது மாடியில் நடந்ததைப் பிறகு அவன் பெண்டாட்டி சொன்னாள். கடுகு போர்டைப் பார்த்தாளாம். குழிக்குள் இறங்கப் போன அப்பன், ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தபடி நின்றானாம்.

"நீ வேலையைப் பாருப்பா. நான் படியில போறேன். ஒவ்வொண்ணா."

எனக்குக் கேட்டது அதற்கப்புறம் வந்த சத்தம்தான். லிஃப்ட் குழியில் சத்தம் நன்றாக இறங்கி வரும். மேலே எங்கேயோ, டிங், நாலாவது மாடி. குழிக்குள்ளிருந்து ஸ்பானர் ஒரு தட்டுத் தட்டியது. கொஞ்ச நேரம். டிங், மூணாவது மாடி. ஸ்பானர் தட்டியது. டிங், ரெண்டாவது மாடி. ஸ்பானர் தட்டியது. அப்புறம் சத்தமே இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன். போகலாமா என்று ஒரு கால் வாசல் வரை வந்தது. போகக் கூடாது என்று கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"டிங். முதல் மாடி."

ஸ்பானர் தட்டவில்லை.

கடுகு வாசல் படியைக் குனிந்து பார்த்து இறங்கிக் கடைக்குள் வந்தாள். அப்பா வேலையாக இருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து பித்தான் டப்பாவைத் திறந்தாள். குழிக்குள்ளிருந்து வேறொரு சத்தம் மெதுவாக வர ஆரம்பித்தது. ஆண்பிள்ளைக்கு அழக்கூடத் தெரிவதில்லை, அது இருமல் மாதிரி இருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்து, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக மிதித்தேன்.

கடுகு கொஞ்ச நேரம் ஊசியையே பார்த்தாள்.

"அத்தை, நீ துணியே வைக்கல."

"தெரியும்டி" என்றேன். "எண்ணெய் விட்டிருக்கேன். கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும்."